ஜீயபுரத்து பாக்ஸரும் டாக்டர் இராசமாணிக்கமும்

செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் வந்த டாக்டரின் மைத்துனர், "அத்தான் விடியக்காலையில தவறிட்டாங்க. நெஞ்சுவலி. உங்களுக்கு முதல்ல சொல்லச் சொன்னாங்க அக்கா" என்றார்.

டாக்டர் இராசமாணிக்கம் திருச்சி கால்நடை மருத்துவமனையில் பதினோரு ஆண்டுகள் பணியாற்றினார். நான் அவரிடம் கம்பவுண்டர். வையம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மாட்டைப் பற்றி எதைக் கேட்டாலும் உடனே பதில் வரும். நாயைப் பற்றிக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். எங்களுடையதை ஊர் 'மாட்டாஸ்பத்திரி' என்றே சொல்லும். நாயோடு வருகிறவர்கள் குறைவு.

அறுபதுகளின் தொடக்கத்தில், ஜீயபுரத்தில் வாழைத்தோட்டம் வைத்திருந்த நடேசன் தம்முடைய பாக்ஸர் நாயைக் கொண்டுவந்தார். ஏழு வயது. தாடைக்கடியில் வீக்கம். பல்லில் சீழ் என்று சொல்லி டாக்டர் பென்சிலின் போட்டு அனுப்பினார். மூன்று வாரம் கழித்து நாய் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தது. கூடவே தோட்டக் காவல்காரர் பெரியசாமியையும் நடேசன் இழுத்து வந்திருந்தார்.

"இவன்தான் சோத்துல என்னமோ கலந்துட்டான் டாக்டர். ரெண்டு தடவை இவனைக் கடிச்சிருக்கு, அந்த ஆத்திரம். விஷம்னு எழுதிக் குடுங்க, போலீசுக்குப் போறேன்."

பெரியசாமி தரையைப் பார்த்தபடி நின்றார்.

டாக்டர் தாடைக்கடியில், தோளுக்கு முன்னால், பின்னங்கால் முட்டிக்குப் பின்னால் என்று விரல்வைத்துப் பார்த்தார். எல்லா இடத்திலும் கழலை. அழுத்தினாலும் நாய்க்கு வலியில்லை. உள்ளே கைகழுவும்போது என்னிடம், "நிணநீர்ச் சுரப்பியில புத்துநோய், முத்து. அன்னிக்கே முழுசாத் தடவிப் பார்த்திருக்கணும்" என்றார்.

"பல்லுன்னு சொன்னதை இப்ப ஏன் சார் எடுக்கணும்? விஷமில்லைன்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றேன். இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

"பாதியைச் சொன்னா அவர் நம்ப மாட்டார். அந்த மனுஷன் ஜெயிலுக்குப் போவார்."

வெளியே வந்து சொன்னார்: "தப்பு என்னுதுங்க. பல்லுன்னு சொன்னேன், அது பல்லு இல்ல. புத்துநோய். விஷத்துக்கு இப்படிக் கழலை கட்டாது. பெரும்பாலும் நடுவயசு தாண்டின நாய்க்குத்தான் வருது. பாக்ஸர் ஜாதிக்குக் கூடுதலா வருதுன்னு படிச்சிருக்கேன். தெருநாய்க்கும் வராம இல்ல."

நடேசன் நாயின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். "வாழைக்குப் பூச்சிமருந்து அடிக்கிறப்போ என் பின்னாடியே சுத்தும். அதனாலயா?"

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியலைங்க. குணப்படுத்த மருந்தும் என்கிட்ட இல்ல."

நடேசன் மன்னிப்பொன்றும் கேட்கவில்லை. "வண்டியில ஏறு" என்று பெரியசாமியிடம் சொன்னார். அவ்வளவுதான்.

நாய் அந்த மாதமே இறந்தது. டாக்டர் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி ஜீயபுரம் போனார். நானும் போனேன். நடேசனின் சம்மதத்தோடு உடலை அறுத்து, நோய் பரவி வீங்கிப்போன மண்ணீரலை அவரையும் பெரியசாமியையும் அருகில் அழைத்துக் காட்டினார். பெரியசாமிதான் குழி வெட்டினார். கடைசி மண்ணை நடேசன் கையால் தள்ளினார்.

டாக்டருக்கு நாய் வைத்தியம் தெரியாது என்று பிறகு கடைவீதியில் பேசிக்கொண்டார்கள். சிலர் வருவதை நிறுத்தினார்கள். அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. உண்ணிக்காக வந்த நாயானாலும் வயதைக் கேட்டுவிட்டு, அதே இடங்களைத் தடவிப் பார்ப்பார். இரண்டு நாய்களுக்கு நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தார். அவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. எத்தனை நாள் இருக்கும் என்று சொந்தக்காரர்களிடம் உட்கார்ந்து பேசினார்.

ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். கைகளை மார்பின்மேல் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வலது ஆள்காட்டி விரலில் ஒரு பழைய பல்தடம். பதினோரு ஆண்டுகள் பக்கத்தில் நின்றும் அதை அன்றுதான் பார்த்தேன். எந்த நாய், எப்போது என்று கேட்க இனி வழியில்லை.

போய் வாருங்கள், சார்.