இருபத்து நாலு மாதம் கட்டிய கிரைண்டர்

ஆறு மாதத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை. திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர் – நான், அம்மா, அம்மாவின் தம்பி ஏழுமலை மாமா. இல்லாதவர், மாமாவின் மனைவி செல்வி அத்தை. முக்கியமாக இருந்திருக்க வேண்டியவர் அவர்தான். கிரைண்டர் அவருடையது.

எந்த கிரைண்டர்? சொல்கிறேன்.

எங்கள் சொந்தத்தில் முதல் டிகிரி நான். அதனால் முதல் சம்பள ஸ்லிப்பும் என்னுடையதுதான். விழுப்புரத்தில் ஒரு டிராக்டர் ஷோரூமில் கணக்கு எழுதுகிறேன். மாதம் பதினெட்டாயிரம். ஸ்லிப் இருப்பவனுக்கு கிரெடிட் கார்டு கிடைக்கும். கிடைத்த கார்டு அவனுக்கு மட்டுமா சொந்தம்? மொத்தக் குடும்பத்துக்கும்தான். இட்லி மாவு அரைத்து விற்கும் அத்தைக்குப் பெரிய கிரைண்டர் – இருபத்தாறாயிரம். எனக்கு ஒரு லேப்டாப் – இருபத்து நாலாயிரம். இரண்டையும் ஒரே வாரத்தில் தேய்த்தேன்.

முதல் பில்லில் இரண்டு தொகைகள் இருந்தன. பெரியது ஐம்பதாயிரம். சிறியது, மினிமம் டியூ என்று இரண்டாயிரத்து ஐநூறு. சின்னதைக் கட்டினால் போதும் என்று கார்டு கொடுத்தவர் சொல்லியிருந்தார்.

எங்கள் வீட்டுக்குத் தெரிந்த கடன் ஒன்றுதான் – அம்மாவின் மகளிர் குழுக் கடன். மாதாமாதம் ஒரே தொகை. கட்டக் கட்ட அட்டையில் கையெழுத்து விழும். கடைசிக் கையெழுத்தோடு கடன் முடிந்தது. கார்டுக் கடனும் அப்படித்தான் என்று நானே முடிவு செய்தேன். இரண்டாயிரத்து ஐநூறு வீதம் இருபத்து நாலு மாதம்... அறுபதாயிரம். பத்தாயிரம் வட்டி. பரவாயில்லையே! பங்கும் பிரித்தோம். அத்தை ஆயிரத்து முந்நூறு, நான் ஆயிரத்து இருநூறு.

அதற்குப் பிறகு வந்த பில்களில் பெரிய தொகையை ஒருநாளாவது பார்த்தேனா? இல்லை. பி.காம். படித்தவன் நான்.

அந்த ஞாயிறு, இருபத்து நாலாவது தவணை. மாமா பணத்தோடு அரைக் கிலோ ஜாங்கிரியும் வாங்கி வந்திருந்தார். அவர் எதிரிலேயே போனில் கட்டினேன். கடன் தீர்ந்ததைக் காட்டலாம் என்று ஆப்பைத் திறந்தேன்.

பாக்கி – முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம்.

மூடித் திறந்தேன். மாறவில்லை. சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். மாமா ஜாங்கிரிப் பொட்டலத்தை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நான் குடுத்துக்கினு இருந்ததெல்லாம் பேங்க்லதான கட்டுன, மாப்ளே?"

"இன்னாடா கேள்வி இது? அவன் இன்னா திருடனா?" என்றார் அம்மா.

"கேக்கறேன்க்கா. கேக்கக் கூடாதா?"

கட்டியதற்கான இருபத்து நாலு மெசேஜையும் காட்டினேன். எல்லாம் இங்கிலீஷில். மாமாவுக்கு இங்கிலீஷ் வராது. தலையை ஆட்டினார் – நம்பியவர் ஆட்டுகிற மாதிரி இல்லை. டீயைக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

மறுநாள் விழுப்புரத்தில், என் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கிக்குப் போனேன். அங்கிருந்த பெண் அதிகாரி பில்களைப் பொறுமையாகப் பார்த்தார். நாங்கள் கட்டிய அறுபதாயிரத்தில் நாற்பத்திரண்டாயிரத்துக்கு மேல் வட்டிக்கும் வட்டி மேல் போடும் வரிக்குமே போயிருந்தது. இப்படியே கட்டினால் இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஓடும் என்றார்.

பிறகு ஒரு வழி சொன்னார். பாலன்ஸ் டிரான்ஸ்ஃபர். அவர்கள் ஒரு புது கார்டு தந்து, பழைய கார்டின் பாக்கியை அதற்கு மாற்றிக்கொள்வார்கள். ஆறு மாதத்துக்கு வட்டி கிடையாது, கட்டணம் மட்டும் உண்டு. நிபந்தனை இரண்டு. ஒரு மாதம்கூடத் தவறக் கூடாது; புது கார்டில் எதையும் வாங்கக் கூடாது. கணக்கு முடிக்கும் நாள் வரையிலான வட்டியையும் சேர்த்து முப்பத்து மூவாயிரம் ஆகும். மாதம் ஐயாயிரத்து ஐநூறு.

பதினெட்டாயிரத்தில் தனியாக அது என்னால் முடியாது. பாதியை அத்தை தர வேண்டும். திருடன் என்று தாங்களே நினைக்கும் ஒருவனுக்கு யார் தருவார்கள்?

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அத்தை வீட்டுக்குப் போனேன். அவர் உளுந்து கழுவிக்கொண்டிருந்தார். மாமா நிமிர்ந்து பார்க்கவில்லை. வங்கியில் சொன்னதை எல்லாம் சொல்லி முடித்தேன். அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இந்த வட்டி எங்க பங்குக்கு மட்டும் போட்டானா, உன் பங்குக்குமா?"

"ரெண்டுக்கும்தான், அத்தை."

அத்தை மாமா பக்கம் திரும்பினார்.

"கேட்டியா? திருடறவன் தன் பாக்கெட்லேந்தும் ரெண்டு வருஷமா வட்டி கட்டிக்கினு இருப்பானா? அவனும் உன்ன மாதிரிதான்யா, விவரம் தெரியாதவன்."

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த நற்சான்று அதுதான். பாதியைத் தருவதாகச் சொன்ன அத்தை ஒரு நிபந்தனையும் போட்டார். புது கார்டு அவரிடம்தான் இருக்கும்.

மாமா வண்டியை எடுத்து என்னை வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போதுதான் வாய் திறந்தார். "நாளைக்கே ஜல்தியா போய் எழுதிக் குடுத்துடு, மாப்ளே. பேஜாரு புடிச்ச கடன்."

உங்களிலும் சிலர் சின்னத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருப்பீர்கள். பாலன்ஸ் டிரான்ஸ்ஃபர் கடனை அடைக்காது. வட்டியைக் கொஞ்ச நாள் வாசலில் நிறுத்திவைக்கும், அவ்வளவுதான். அதற்குள் அடைக்க வேண்டியது நாம். அந்த ஆறு மாதத்தில் ஷோரூமில் இரண்டு பேர் போன் வாங்க என் கார்டைக் கேட்டார்கள். அத்தையிடம் கேளுங்கள் என்றேன். யாரும் கேட்கவில்லை!

மழை மாதத்தில் மாவு சரியாக ஓடவில்லை. அப்போதும் தேதி தவறாமல் அத்தையின் இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பது வந்தது... பாதிக்கு மேல் பத்து ரூபாய் நோட்டுகளாக.

போன வெள்ளிக்கிழமை ஆறாவது தவணை கட்டினேன். பாக்கி, பூஜ்யம். இந்த முறை பெரிய தொகையைத்தான் முதலில் பார்த்தேன். இரண்டரை வருஷத்தில் அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

ராத்திரி உட்கார்ந்து கூட்டினேன். பழைய கார்டுக்குக் கட்டியது அறுபதாயிரம். புது கார்டுக்கு முப்பத்து மூவாயிரம். மாற்றிய கட்டணம் அறுநூற்று அறுபது, அதற்கு ஜி.எஸ்.டி. நூற்றுப் பதினெட்டு ரூபாய் எண்பது காசு.

ஐம்பதாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு நாங்கள் கொடுத்த விலை – தொண்ணூற்று மூவாயிரத்து எழுநூற்று எழுபத்தெட்டு ரூபாய், எண்பது காசு.