‘அம்புலன்ஸ்’ யாகப்பரின் டொக்டர்

“அம்புலன்ஸ்!” என்று யாராவது கூப்பிட்டால் யாகப்பருக்கு இன்றைக்கும் கோபம் உச்சிக்கு ஏறும். மன்னார் பஸ் நிலையத்து ஆட்டோக்காரர் வைத்த பெயர் அது. யாகப்பர் என்ற ஞானஸ்நானப் பெயர் கோயில் பதிவில் கிடக்கிறது. எல்லாம் டொக்டர் றெபேக்காவால் வந்த வினை.

றெபேக்கா தோட்டவெளி ஆள். மெல்பேர்ணில் பெரிய ஆஸ்பத்திரியொன்றில் மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர். ஒவ்வொரு வருஷமும் லீவில் வந்தால் யாகப்பரின் ஆட்டோதான். ஏறி உட்கார முன்பே, “கெதியா விடுங்கோ யாகப்பண்ணை!” நடுறோட்டில் கழுதை படுத்திருந்தால், “ஹோனை அடியுங்கோ!” திருநாளுக்கும் அதே பறப்பு, செத்தவீட்டுக்கும் அதே பறப்பு. ஓலைத்தொடுவாய்க் கடலைக்கூட ஓடுகிற ஆட்டோவில் இருந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்புவார்.

யாருக்குக் கை கொடுத்தாலும் அவருடைய இரண்டு விரல் மணிக்கட்டில் நாடி தேடும். ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துவிட்டு, “தம்பி, நாடி ஓடுது. ஒரு சோடா குடியும்” என்றார். பந்தலே சிரித்தது.

இந்த முறை வந்த றெபேக்கா ஆளே மாறியிருந்தார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. “ஏன் அண்ணை பறக்கிறியள்? ஆர் சாகக் கிடக்கினம்?”

யாகப்பர் பிறேக்கை மிதித்துவிட்டார். “நீங்கள் பழக்கின ஓட்டம் தங்கச்சி. இந்த வண்டிக்கு வேற நடை தெரியாது.”

இப்போது கழுதை மறித்தால் றெபேக்கா இறங்கிப்போய் அதோடு கதைக்கிறார். “ஆறுதலா எழும்பு ராசா.”

காரணம் போகப்போகத்தான் வெளிவந்தது. பிரிவுக்கே தலைவியாக வரச்சொல்லி ஆஸ்பத்திரி கேட்டிருக்கிறது. இவ்வளவு காலமும் அவர் ஓடியது அந்தக் கதிரைக்காகத்தான். கிட்ட வந்ததும் மனம் விட்டுப்போய்விட்டது.

“அதில இருந்தா எழும்பேலாது அண்ணை. கிழமையில பாதி நாள் வேலை, வருஷத்தில கொஞ்சக் காலம் இஞ்சை. அதுதான் ஆசை. ஆனா வேண்டாம் எண்டு சொல்ல வாய் வருகுதில்லை.”

“ஹோனை அடி எண்டு சொல்ல மட்டும் வந்தது!”

பதில் சொல்ல வேண்டிய நாளில் ஓலைத்தொடுவாய்க் கரையில் நிற்பாட்டச் சொன்னார். போன் அடித்தது. யாகப்பர் பழக்கதோஷத்தில் எஞ்சினை ஓடவிட்டிருந்தார். “அதை நிப்பாட்டுங்கோ” என்றுவிட்டு றெபேக்கா இங்கிலீசில் கதைத்தார். யாகப்பருக்கு விளங்கியது ஒரு ‘நோ’ மட்டும்.

போனை ஆசனத்தில் போட்டுவிட்டு றெபேக்கா கையை நீட்டினார்.

“இண்டைக்கு நீங்கள் பிடிச்சுப் பாருங்கோ யாகப்பண்ணை. ஓடுதோ, நடக்குதோ?”