நாலு மாடிக்கு ஒரு சைக்கிள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிப்பது அவள் வேலை. ஐம்பத்திரண்டு வயது. கணவர் வெல்டர், கப்பல் பட்டறை எங்கே ஆள் எடுத்ததோ அங்கே குடும்பமும் போயிற்று. இது மூன்றாவது நாடு. எங்கே போனாலும் அவளுக்கு வாய்த்தது விரிப்பு மடிப்பதுதான். சைக்கிள்தான் மாறியது.

முதல் நாட்டில் மேடே கிடையாது, எதிர்காற்று உண்டு. பெடலைப் பின்பக்கம் மிதித்தால் நிற்கிற வண்டி, எருமை மாதிரி கனம். இரண்டு பிள்ளைகளையும் அதில் வைத்துத்தான் பள்ளிக்கு மிதித்தாள். அடுத்த நாட்டில் தெருவெல்லாம் ஏற்றம். ஏழு கியர் வண்டி வாங்கினாள். அப்போது முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்டது.

இங்கே வந்தபின் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். போன மாதம் விடிகாலை பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஷிப்ட் ஆறு மணிக்கு.

"தினம் எவ்வளவு தூரம் போவீங்க?" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"தூரம் கிடக்கட்டும். நாலு மாடி தூக்கணும், லிஃப்ட் இல்ல. கீழ விட்டா காலையில பூட்டுதான் இருக்கும்."

ஒவ்வொரு வண்டியாகத் தோளில் ஏற்றிப் பார்த்தாள். கடைசியில் கியர் இல்லாத ஒல்லி வண்டி ஒன்றை எடுத்தாள்.

"வழியில பாலம் இருக்கே, எப்படி ஏறுவ?" என்றார் கணவர்.

"இறங்கித் தள்ளுவேன். பாலம் ஒண்ணு, மாடி நாலு."

மூன்று நாள் சமாளித்தாள். நான்காம் நாள் சலவைக்கூடத்தில் மடிப்பு இயந்திரம் படுத்துவிட்டது. அத்தனை விரிப்பையும் கையால் மடித்துவிட்டு வந்தவளுக்கு இரண்டாவது மாடிக்கு மேல் கால் எழவில்லை. சைக்கிளை மடியில் சாய்த்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்துக் கதவு திறந்தது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், தனி ஆள். வணக்கம் சொல்வதோடு சரி.

"இங்கயே விட்டுட்டுப் போங்கம்மா. உள்ள இடம் சும்மாதான் கிடக்கு."

"காலையில அஞ்சு மணிக்கு வேணுமேங்க. உங்க தூக்கம் கெடும்."

"முப்பது வருஷம் நாலு மணிக்கு எழுந்தவன். இன்னும் அதே நேரத்துக்கு முழிப்பு வந்துடுது. என்ன பண்றதுன்னு தெரியாம உக்காந்திருக்கேன்."

வெறுங்கையோடு மேலே ஏறினாள். நிம்மதியாகத்தான் இருந்தது. கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

மறுநாள் அவள் கதவைத் தட்டவே வேண்டியிருக்கவில்லை. வண்டியைத் தானே தூக்கிக் கீழே வாசலுக்கு இறக்கி வைத்து, காற்றும் அடித்து, அவர் நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

"இப்படின்னு தெரிஞ்சிருந்தா கியர் வண்டியே வாங்கியிருக்கலாம்," என்றாள் கணவரிடம் ஒரு சாயங்காலம், சாப்பிட்டுக்கொண்டே.

"மாத்திடலாமா?"

"வேண்டாங்க. அவருக்கும் வயசாச்சு. ரெண்டு மாடிக்கே இந்த வண்டிதான் சரி…"

மீதியைச் சொல்வாள் என்று கணவர் பார்த்தார். கையில் பிசைந்த சோற்றோடு அவளுக்குக் கண் சொருகிவிட்டிருந்தது.