என் வீட்டுக் கொசுவின் வம்சம்

அடி அண்ணாமலை மாட்டுக் கொட்டகையில் பிடிக்க வேண்டிய கொசுக்களை, டவுன் பக்கம் வேங்கிக்காலில் இருக்கும் என் வீட்டுக் குளியலறையிலேயே பிடித்து, குப்பியில் பொய் முகவரி எழுதி ஒட்டிய மகா புத்திசாலி நான்.

மலேரியாக் கொசு ஆய்வில் எனக்குத் தற்காலிக வேலை. ஊர் ஊராகப் போய்ப் பிடித்துக் கொடுப்பேன். ஆய்வு நடத்தும் மேடம் அவற்றின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு, எது எதற்குப் பங்காளி என்று பார்ப்பார். அன்று பௌர்ணமி, கிரிவலப் பாதையில் போலீஸ் வண்டியை விடவில்லை. நடந்திருக்கலாம். 'கொசுவுக்காக மலை சுற்றினால் புண்ணியம் யார் கணக்கில் சேரும்?' என்று எனக்கு நானே ஜோக்கடித்துத் திரும்பிவிட்டேன். கண்ணுக்கு எல்லாம் ஒரே கொசுதானே!

இரண்டு மாதம் கழித்து மேடம் கூப்பிட்டார். திரையில் கிளை கிளையாக ஒரு மரம்.

"கிராமத்துக் கொசுங்க எல்லாம் இந்தக் கிளை. உங்க அடி அண்ணாமலை கொசு மட்டும் டவுன் கொசுங்களோட போய் உக்காந்துருக்கு. மலேரியாவ ஜாஸ்தி பரப்புற வகை. கொட்டாய்க்கு எப்படி வந்துச்சு?"

"கிரிவலம் வந்துருக்கும் மேடம்."

அவர் சிரிக்கவில்லை. "மதியம் ஹெல்த் டிபார்ட்மென்ட்டுக்கு ரிப்போர்ட் அனுப்பறேன். அந்த ஊரையே சல்லடை போட்டுத் தேடுவாங்க."

அந்த மரத்துக்காக என் கொசுவிடமிருந்து எடுத்தது ஒரே ஒரு கால். அந்த மயிரிழைக் கால் போதும், என்னை எட்டி உதைக்க. சொன்னால் வேலை போகும். இது மூன்றாவது வேலை, வீட்டில் எந்த முகத்தோடு போய் நிற்பது? சொல்லாவிட்டால் நாளைக்கே கொட்டகையில் ஆள் இறங்கும், அந்த வகை ஒன்றுகூடக் கிடைக்காது, அப்புறம் குப்பியில் இருக்கும் கையெழுத்து யாருடையது என்று பார்ப்பார்கள். டீக்கடைக்குப் போனேன். வாங்கிய டீ குடிக்காமலே ஆடை கட்டியது. மாஸ்டர், "என்ன சார், காய்ச்சலா?" என்றார். மலேரியாவாக இருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. அதற்கு மாத்திரை இருக்கிறது.

திரும்பி வந்தபோது மேடம் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"மேடம், அனுப்பிடாதீங்க. அது அடி அண்ணாமலை கொசு இல்ல. எங்க வீட்டு பாத்ரூம் கொசு. போக சோம்பேறித்தனம், நான்தான் ஊர் பேரை மாத்தி எழுதிட்டேன். எங்க வீட்டுக் கொசுவுக்கு இவ்ளோ பெரிய வம்சம் இருக்கும்னு சத்தியமா தெரியாது மேடம்."

விசைப்பலகைச் சத்தம் நின்றது. அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. ஒரு வெள்ளைத்தாளை மட்டும் மேசை ஓரத்துக்குத் தள்ளினார்.

"இதையே கைப்பட எழுதிக் குடுங்க."