யாருமில்லை என்று சொன்னால்தான் கட்டில்

என் கங்காஜலை இந்த ஊர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தது. டாக்குரியா ரயில் பாதை ஓரத்தில் அவள் குடிசையைப் பிரிக்க வந்த ஆபீசர் ‘ஆக்கிரமிப்பு’ என்றார். ஒரு பொம்பளை எப்படி ஆக்கிரமிப்பு ஆவாள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. கையும் வாயும் இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காமல் பாயில் கிடந்தபோது அவள் ‘தரை கேஸ்’. வீடு வீடாக ஆள் கணக்கு எடுக்க வந்தவர்களுக்கு அவள் ஒன்றுமே இல்லை, கதவு இல்லாதவளை எங்கே தட்டிக் கூப்பிடுவது?

என் மகன் நியூ டவுனில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அவன் ஒரு நாள் ‘விளிம்புநிலை மக்கள்’ என்று ஒரு சொல் சொன்னான். இப்போதெல்லாம் மரியாதையாக அப்படித்தான் எழுதுகிறார்களாம். நல்ல சொல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் மீன் மார்க்கெட்டில் நட்ட நடுவே உட்கார்ந்து, வருகிறவன் போகிறவன் எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தவளை விளிம்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மீன் அறுத்துக் கொடுப்பது அவள் தொழில். அவள் கத்தி நம் அரிவாள்மணை மாதிரிதான், அதைவிடப் பெரிசு. ஒரு காலால் கட்டையை அழுத்திக்கொண்டு, ரெண்டு கையாலும் மீனைப் பிடித்து இழுத்தாளானால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எனக்கு இட்லி வியாபாரம். வீட்டுக்காரர் கேன்டீனில் சமையல் வேலைக்கு இந்த ஊருக்கு வந்தார், வந்த இடத்திலேயே போய்விட்டார். ஒரே அறையில் இருந்துகொண்டு மாவு ஆட்டித்தான் மகனைப் படிக்க வைத்தேன். ஜாதவ்பூரில் படிக்கிற நம்மூர்ப் பிள்ளைகள் என் இட்லிக்கு வரிசையில் நிற்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும்தான்.

நாங்கள் பழகினது குழாயடிச் சண்டையில். அவள் வங்காளத்தில் திட்ட, நான் தமிழில் திட்ட, யார் ஜெயித்தது என்று ரெண்டு பேருக்குமே தெரியவில்லை. மறுநாள் ஒரு இலையில் சுற்றி மீன் தலை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் சண்டை தினம் நடந்தது, ஆனால் வேறு மாதிரி.

இங்கே பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சிநேகிதியை உறவாக்கிக்கொள்கிறது. நமக்குப் பொங்கல் அன்றைக்கு இவர்களுக்கும் பண்டிகைதான், கங்கையில் முழுக்குப் போடுவார்கள். அன்றைக்கு என்னைப் படித்துறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். இடுப்புத் தண்ணீரில் நின்று, அவள் கையில் அள்ளின தண்ணீரை நான் குடித்தேன், என் கையில் அள்ளினதை அவள் குடித்தாள். அவ்வளவுதான் சடங்கு. அன்றிலிருந்து அவள் எனக்குக் கங்காஜல், நான் அவளுக்குக் கங்காஜல். ஒருத்தி பெயரை ஒருத்தி சொல்லக் கூடாது, புருஷன் பெயர் மாதிரி. அக்கா தங்கை போல என்று சொன்னால் சரியாக வராது. என் கூடப்பிறந்தவளோடு எனக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது.

குடிசை போன பிறகு அவள் மார்க்கெட் ஓரத்திலேயே படுத்துக்கொண்டாள். ஒரு நாள் காலையில் கத்தி முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். யார் கூட்டிக்கொண்டு போவது? என் அறைக்குத்தான் கொண்டுவந்தேன். கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுக் கீழே படுத்தேன். மகன் என்னை வா வா என்பான், லிப்டு இருக்கிறது அம்மா, உனக்கு மூட்டு வலிக்கு நல்லது என்பான். அவளையும் சேர்த்து வா என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு இல்லை என்று வந்துவிட்டால் அப்புறம் மகன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஒரு மழைக்காலம் முழுக்கச் சமாளித்தேன். அப்புறம் ஒரு நாள் குளிக்கிற இடத்தில் அவளைத் தூக்கப்போய் ரெண்டு பேரும் விழுந்தோம். ஈரத்தில் கிடந்தபடியே, கோணின வாயால் அவள் சிரித்துக்கொண்டே குழறினாள்.

“என்னைத் தூக்க நீ வந்தே. இப்ப நம்மைத் தூக்க ஹவுராவிலிருந்து கிரேன் வரணும்.”

“வாயை மூடு, கட்டையிலே போறவளே. இடுப்பு போச்சு எனக்கு.”

பக்கத்து அறைக்காரி வந்து தூக்கிவிட்டாள். அன்றைக்கு ராத்திரி போனில் மகனிடம் சொன்னேன், இனிமேல் என்னால் முடியாது என்று. அந்த வார்த்தையை நான் அதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

அவன் விசாரித்து ஒரு இல்லத்தைப் பிடித்தான். ஆதரவற்ற பெண்களுக்கான இல்லம். சோறு, துணி, மருந்து எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், தூக்கி விட ஆயா உண்டு. கூட்டிக்கொண்டு போகிற அன்றைக்கு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு எனக்குப் பாடம் நடத்தினான். அவள் வண்டிக்குள்ளே உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, அங்க வந்து கங்காஜல் அது இதுன்னு ஆரம்பிக்காத. சொந்தம்னு ஒரு வார்த்தை விழுந்தா, சொந்தக்காரங்களே வெச்சுப் பாருங்கன்னு அனுப்பிடுவாங்க. கட்டிலுக்கு அவ்வளவு பேர் காத்திருக்காங்க.”

“அப்ப நான் யாருன்னு சொல்றது?”

“தெரிஞ்சவங்கன்னு சொல்லு.”

“தெரிஞ்சவளா?”

“பொய் இல்லையேம்மா. தெரியுந்தானே?”

ஆதரவற்ற என்றால் என்ன? ஆதரவு இல்லாதவள். அப்படியானால் இத்தனை நாள் அவளுக்குச் சோறு ஊட்டித் துணி மாற்றினது யார், பேயா? போனால் போகிறது கட்டில், உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்றுதான் மனசுக்குள் நினைத்துக்கொண்டு போனேன். எனக்கு அந்த ராங்கி உண்டு.

ஆபீசில் ஒரு பெண் மேஜைக்குப் பின்னால் இருந்தாள். எல்லாரும் அவளைத் தீதி என்றார்கள், அக்கா என்கிற மாதிரி. கடுகடுப்பானவள் இல்லை. அவளுக்கும் அன்றைக்கு மூச்சு விட நேரமில்லை, வாசலில் இன்னும் ரெண்டு பேர் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலில் பெயர் கேட்டாள். என் கங்காஜல் தன் பெயரைச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் பெயர் என் காதில் விழுந்தது. சின்ன அழகான பெயர், ஒரு பூவின் பெயர். மீன் அறுக்கிறவளுக்கு அப்படி ஒரு பெயர் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. இங்கேயும் அதை எழுத மாட்டேன்.

“உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?” என்று தீதி அடுத்ததாகக் கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் கங்காஜல் முந்திக்கொண்டாள்.

“கேவு நேய்.”

யாருமில்லை. நோவு வந்த நாளிலிருந்து அவளுக்கு எந்த வார்த்தையும் நேராக வந்ததில்லை. தண்ணீர் கேட்பதற்குள் எச்சில் வழியும். இதை மட்டும் அட்சர சுத்தமாகச் சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, வண்டிக்குள்ளேயிருந்து நாங்கள் பேசினதைக் கேட்டுவிட்டாள். தமிழ் புரியாது என்று நினைத்திருந்தோம். இத்தனை வருஷம் என்னோடு சண்டை போட்டவளுக்கா புரியாது?

“மகன், மகள், அண்ணன் தம்பி?”

“கேவு நேய்.”

தீதி என் பக்கம் திரும்பினாள். “நீங்கள் யார், மாசிமா?”

மாசி என்றால் சித்தி, பெரியம்மா. ரோட்டில் போகிற கிழவியைக்கூட இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் கங்காஜல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். மீன் வாங்க வந்தவன் விலையைக் குறைத்துக் கேட்டால் பார்ப்பாளே, அந்தப் பார்வை. கெடுத்துவிடாதே என்கிற பார்வை.

“நானா? யாருமில்லை. அதே தெருதான்” என்றேன்.

அவளுக்குக் கட்டில் கிடைத்தது.

கட்டிலோடு ஒரு சட்டமும் இருந்தது, அதை நாங்கள் யோசிக்கவில்லை. உறவுக்காரர் என்று எழுதிக்கொடுத்தவர்கள் மட்டும்தான் பார்க்க வரலாம். வேறு யாராவது உள்ளே வந்து எதையாவது கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்கிறது? நியாயம்தான். அவளுக்குத்தான் உறவு என்று யாரும் இல்லையே. முதல் வாரம் போய்க் கதவுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பினேன். ரெண்டாவது வாரமும். வாட்ச்மேன் நல்ல மனுஷன்.

“மாசி, சும்மா நின்னு காலை வலிக்க வெச்சுக்காதீங்க. டோனரா வாங்களேன். சாப்பாடு போடறவங்களைத்தான் உள்ளே விடறாங்களே” என்றார்.

பிறந்தநாள், கல்யாண நாள், திதி என்று பணக்காரர்கள் வந்து அங்கே ஒரு வேளைச் சாப்பாடு போடுவார்கள். போடுகிறவர்கள் உள்ளே போய் அவர்கள் கையாலேயே பரிமாறலாம். ஒருத்திக்கு மட்டும் கொடுக்க முடியாது, கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். சரி என்றேன். மாவு ஆட்டுகிறவளுக்கு எல்லாருக்கும் என்பது ஒரு பயமா?

அப்படியாக மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுக்கு அடுக்காக இட்லியும் ஒரு பெரிய தூக்கில் சாம்பாரும் எடுத்துக்கொண்டு போனேன். மகன் வண்டி போட்டுக் கொடுத்தான். அவள் ஒருத்தி தட்டில் நாலு இட்லி வைப்பதற்காக அத்தனை பேருக்கும் வைத்தேன்.

முதல் நாள் ஒரே கூத்து.

“இது என்ன பிட்டே? இனிப்பையே காணோமே!” என்றாள் ஒரு கிழவி. பிட்டே என்றால் இவர்கள் பொங்கலுக்குச் செய்கிற கொழுக்கட்டை.

“மதராஸிப் பிட்டே. நீ அழுது புரண்டாலும் இனிக்காது” என்று ஜன்னல் ஓரக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. யார் குரல் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் அந்தக் கட்டிலுக்கு வந்தபோது பக்கத்தில் ஆயா நின்றாள். என் கங்காஜல் சரியாக இருந்த ஒற்றைக் கையை நெற்றிக்குத் தூக்கிக் கும்பிட்டாள்.

“நீங்க நல்லா இருக்கணும், தீதி. உங்களுக்குப் புண்ணியம்” என்றாள்.

வாழ்நாளில் அவள் எனக்கு மரியாதை போட்டுப் பேசினதில்லை. நீ, போ, வா, அதற்கும் கீழேதான். ஆயா அந்தண்டை நகர்ந்ததும் உதட்டை அசைக்காமல் சொன்னாள்:

“சாம்பாரில் உப்பு எங்கேடி?”

“உனக்கு ரத்தக் கொதிப்பு. உனக்காகத்தான் எல்லாருக்கும் குறைச்சேன்.”

“பாவம், இத்தனை பேர் என்னாலே உப்பில்லாமல் தின்கிறார்கள்.”

கடைசியில் போட்டோ எடுத்தார்கள். நான் அவள் தட்டில் இட்லி வைக்கிற மாதிரி நிற்க வேண்டும், அவள் நன்றியோடு பார்க்கிற மாதிரி பார்க்க வேண்டும். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாட்டில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போட்டோக்காரப் பெண் அதைப் பார்த்துவிட்டு, “ரொம்ப நல்லா வந்திருக்கு” என்றாள்.

இப்படியே மழை வந்து போயிற்று. ஒவ்வொரு தடவையும் அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டு வந்தாள். நாலு இட்லி ரெண்டாயிற்று, அப்புறம் ஒன்றைச் சாம்பாரில் கரைத்துக் கொடுத்தேன். அப்படி ஊட்டும்போது மட்டும் ஆயாக்கள் ஒன்றும் சொல்லவில்லை. டோனர் அம்மாவுக்கு இளகின மனசு என்று நினைத்திருப்பார்கள்.

பூஜை மாதம் வந்தது, நம் நவராத்திரி சமயம். அந்த மாதம் ஊரில் எல்லாருக்கும் தர்மம் செய்ய ஆசை வந்துவிடும். பூரி மாதிரி லுச்சி, பாயசம், புதுப் புடவை என்று வரிசை கட்டி நிற்பார்கள். தீதி என்னிடம், “மாசிமா, காளி பூஜை கழித்து வாருங்கள், அதுவரை ஒரு நாளும் காலியில்லை” என்றாள். நான் அங்கே என்ன சொல்லி மல்லுக்கட்டுவது? எந்த உரிமையில்? சரி என்று வந்துவிட்டேன்.

காளி பூஜை என்றால் நம் தீபாவளி சமயம், அது கழித்துப் போனேன். வழக்கம்போல ஒரு ஓரத்திலிருந்து பரிமாறிக்கொண்டு வந்தேன். ஜன்னல் ஓரக் கட்டிலில் வேறு யாரோ ஒருத்தி தலையில் ஸ்கார்ப் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடம் மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று மற்றக் கட்டில்களைப் பார்த்தேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

“இங்கே இருந்தவள்?” என்று ஆயாவைக் கேட்டேன்.

“அவளா? பூஜை முடிஞ்சதும் போயிட்டா மாசிமா. ராத்திரி தூக்கத்திலேயே. கஷ்டப்படலை.”

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

ஆயா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். கெட்ட எண்ணத்தில் இல்லை, நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.

“உங்களுக்கா? யாருக்குச் சொல்லணும்னு பேப்பரில் பார்த்தோம். யாருமில்லைன்னு இருந்தது. கார்ப்பரேஷன் வண்டி வந்து எடுத்துட்டுப் போச்சு.”

நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்கார்ப் கட்டினவள் தட்டை நீட்டினாள். அவளும் யாருமில்லை என்று சொல்லித்தான் வந்திருப்பாள். அவள் சொன்னதும் நிஜமோ பொய்யோ, யார் கண்டது? கதவுக்கு வெளியே அவளுக்காகவும் யாராவது நின்றுகொண்டிருக்கலாம். ரெண்டு இட்லி வைத்தேன். போதுமா என்று கேட்டேன். இன்னொன்று என்றாள். மிச்சம் இருந்தவர்களுக்கும் வைத்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அடுக்கில் இட்லி மிஞ்சியிருந்தது. வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன்.

எந்தச் சுடுகாடு என்று தெரியாது. யார் கொள்ளி வைத்தது, வைத்தார்களா இல்லையா, தெரியாது. கேட்கப் போனால் முதல் கேள்வியே நீங்கள் யார் என்பதாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து குழாயடியில் உட்கார்ந்து கட்டின புடவையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டேன். மத்தியான வேளை, எல்லாரும் குடம் வைத்துக் காத்திருந்தார்கள். பக்கத்து அறைக்காரி ஓடிவந்தாள்.

“என்ன மாசி, இந்த நேரத்துக்குத் தலைக்கு? யார் போனது?”

நான் இன்னொரு சொம்பு ஊற்றிக்கொண்டேன்.

“சொந்தமா?” என்றாள்.

“ஆமாம், சொந்தந்தான்” என்றேன், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. இங்கே சொன்னால் யார் கட்டிலும் பறிபோகாது.

வரிசையில் நின்றவர்கள் குடத்தை நகர்த்திக்கொண்டு, நான் ஊற்றி முடிக்கிற வரைக்கும் குழாயை எனக்கு விட்டுக்கொடுத்தார்கள்.