மிருகக்காட்சி சாலையில் ஒரு பட்டிப் பொங்கல்

நேற்று அலுவலக நண்பர் ஒருவர் என் குளிர்க் கோட்டை இரவல் கேட்டு வந்தார். அடுத்த வாரம் ஜெர்மனி போகிறார். "அங்க ஜூ ஒண்ணு இருக்குதாமாங்க, கண்டிப்பா பாக்கோணும்னு சொல்றாங்க" என்றார். பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை. கோட்டுப் பையைத் துழாவினேன். உள்துணியில் வாழைப்பழக் கறை அப்படியே இருந்தது.

கண்டிப்பாகப் பார்க்க வேண்டியதுதான். பம்பு கம்பெனி என்னைப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தபோது, ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். குளிர்காலத்தில் அங்கே இருப்பவை பெரும்பாலும் பலகைகள்தாம். சிங்கம் இங்கே இருக்கும் என்று ஒரு பலகை; இப்போது உள்ளே தூங்குகிறது என்று அதற்குக் கீழே இன்னொன்று. காலிக் கூண்டுகளை மக்கள் பிளாஸ்கும் கையுமாக நின்று மரியாதையோடு பார்த்தார்கள். ஒட்டகம் ஒன்று மட்டும் பனியில் நின்றது. அதன் முகத்தில் இருந்த வெறுப்பு எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை மிருகம் இருக்கிற இடத்தில் ஒரு வாசனைகூட இல்லை. சாணி வாசனை இல்லாத மிருகத்தை எப்படி நம்புவது, சொல்லுங்கள்.

வாசனையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லைதான். ஊரில், கணபதியில், எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் லேத் பட்டறை. நடுவில் எங்கள் மாடு செவலை. வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் என்பதால் எதற்கும் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் என்னிடம் இருந்தது. "ஆபீஸ்ல இருந்து ஆள் வந்தா என்னங்கம்மா நெனைப்பாங்க" என்று ஒரு வருடம் அரித்தேன். அம்மா செவலையை அன்னூர்ப் பக்கம் கொடுத்துவிட்டாள். அதன் பிறகும் ஆபீஸிலிருந்து ஒருவரும் வரவில்லை.

ஒட்டகத்தின் முன் நிற்கும்போதுதான் அம்மா வீடியோவில் வந்தாள். ஊரில் அப்போது சாயங்காலம்; பட்டிப் பொங்கல். சாணியில் சின்னதாகத் தெப்பக்குளம் கட்டி, மாட்டை அதில் மிதிக்கவிட்டு, அது பொங்கலைத் தின்ற பிறகே எங்கள் வீட்டில் சாப்பிடுவோம். அம்மா காலையிலிருந்து பட்டினி.

"கண்ணு, மாட்டுக்கு நான் எங்க போறது?"

"பக்கத்துல யாரூட்டுலயாச்சும் கேளுங்கம்மா."

"நம்ம தெருவுல கடேசியா இருந்ததே நம்ம செவலதானப்பா."

எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. அரைமணி நேரம் முன்பு, இந்தியாவின் அபூர்வ விலங்கு என்று எழுதிய பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்திருந்தேன். திரும்பி ஓடினேன். சூடேற்றிய கொட்டகை, கம்பிக்குப் பின்னால் ஒரு திமில் மாடு, எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. அங்கே மட்டும் சாணி வாசனை வந்தது. போனைக் கம்பிப் பக்கம் திருப்பினேன்.

"நம்ம பக்கத்து மாடாட்டவே இருக்குது. யாரூட்டுது?"

"ஜூவோடதுங்கம்மா."

"மாட்டைப் பாக்கறதுக்கா டிக்கெட்டு?"

அம்மா அங்கே போனுக்கு முன்னால் பொங்கலை வைத்துக் கற்பூரம் ஏற்றினாள். "பழம் கிழம் இருந்தாக் குடு கண்ணு. அது தின்னுட்டா நானும் ரெண்டு வாய் சாப்புட்டுப்போடுவேன்." ஓட்டலில் எடுத்த வாழைப்பழம் கோட்டுப் பையில் இருந்தது. உரித்தேன். பின்னால் மஞ்சள் பூட்ஸ் போட்ட ஊழியப் பெண் வந்து நின்றாள். எதுவும் கொடுக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"சாரிங்க மேடம்" என்றேன். பழத்தைப் பைக்குள் திணித்தேன். போனில் கற்பூரம் எரிவதை அவள் பார்த்துவிடுவாளோ என்று அதையும் கோட்டுக்குள் அமுக்கிக்கொண்டேன். கேட்டிருந்தால் விளக்கியிருக்கலாம். பொறியியல் படித்த எனக்கு அந்த நாலு வாக்கியம் வரவில்லை.

நெஞ்சுக்குள்ளிருந்து அம்மா கேட்டாள்: "இருட்டாக் கெடக்குதே கண்ணு. தின்னுதா?"

மாடு திரும்பக்கூட இல்லை.

"தின்னுதுங்கம்மா. நீங்க சாப்புடுங்க."

செவலை நின்ற இடத்தில் இப்போது என் கார் நிற்கிறது. போன பட்டிப் பொங்கலன்று அம்மா தெப்பக்குளம் கட்டவில்லை. வெளிச்சம் போகுமுன்பே தட்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்கம்மா, அதுக்குள்ளயா?"

"அன்னிக்கு அது உனக்கு முதுகக் காட்டிப் படுத்துக்கிட்டிருந்துதே, அப்பவே சாப்புட்டுட்டேன்" என்றாள். "இனி யாருக்குக் கண்ணு காத்துக்கிட்டிருக்கறது? நீயும் உக்காரு."