வட்டம் மூட எத்தனை நாள்?

முதலில் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். யாங்கோனை ஒட்டிய லைங் தாயாவில் ஒரு தையல் ஆலையில் பயிற்சி மேற்பார்வையாளனாக இருந்தபோது, ஒரு பெண்ணைப் பற்றிப் பொய் எழுதினேன். தெரிந்தே எழுதினேன்.

அவர் பெயர் முனியம்மா. ஆலைப் பதிவேட்டில் டோ மியா என்ற பர்மியப் பெயர். பர்மாவில் நம் தமிழர்கள் பலரையும் போல வீட்டுக்கு ஒரு பெயர், வேலைக்கு ஒரு பெயர். பேக்கிங்கில் நாள் முழுக்க நின்றபடி சட்டை மடித்தவர். கால் நரம்புகள் புடைத்துவிட்டன. உட்கார்ந்து செய்யும் வேலை வேண்டும், மெஷினுக்கு மாற்றுங்கள் என்று கேட்டார். வயது ஐம்பத்து நான்கு.

மெஷினுக்கு வர விரும்புகிறவர்களுக்கு எங்கள் ஆலையில் மூன்று நாள் தேர்வு. துணி கிடையாது, நூல் கிடையாது. கோடு போட்ட காகிதம்தான். வெறும் ஊசியைக் கோட்டின் மேலேயே ஓட்ட வேண்டும். முதலில் நேர்கோடு, பிறகு சதுரம், கடைசியில் வட்டம். காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், ஓட்டைகள் எங்கே வழி தவறின என்று தெரிந்துவிடும்.

முதல் நாள் அவருடைய ஓட்டைகள் கோட்டின் பக்கமே போகவில்லை. இரண்டாம் நாள் பரவாயில்லை. மூன்றாம் நாள் நேர்கோடு கிட்டத்தட்ட நேர். வட்டம் மட்டும் மூடவில்லை. மூன்று காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கை திருந்திக்கொண்டு வருவது யாருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது.

நான் எழுதியது என்ன? 'முன்னேற்றம் இல்லை. இந்த வயதில் கை திரும்பாது.'

மேலிடத்துக்குச் சின்ன வயதுக்காரர்கள்தான் வேண்டும். நான் ஏன் வாதாட வேண்டும்? இத்தனைக்கும் அன்று எனக்கு என்ன வயது... ஐம்பத்தைந்து!

இன்னொன்றும் உண்டு. எனக்குத் தைக்கவே தெரியாது. காகிதத்தைத் தூக்கிப் பார்க்க மட்டும்தான் தெரியும்.

பதினாறு வருடம் ஓடிவிட்டது. இதை மறந்திருந்தேன் என்று சொன்னால் அது இரண்டாவது பொய்.

போன மழைக்காலத்தில் லான்மடாவில் பஸ் ஏறும்போது படி தவறி விழுந்தேன். டாக்டர், என் விரலால் என் மூக்கையும் அவர் விரலையும் மாறி மாறித் தொடச் சொன்னார். இரண்டு தடவை காற்றைத் தொட்டேன். பின்மண்டையில் இருக்கும் சிறுமூளைதான் இந்த வேலையைப் பார்க்கிறதாம். கை போக வேண்டிய இடம் எது, போன இடம் எது என்று ஒப்பிட்டு, அடுத்த தடவை கொஞ்சம் திருத்தி அனுப்புமாம். வயதாக ஆக அந்தத் திருத்தம் மெதுவாகிறது.

அப்படியானால் இனி புதிதாக எதையும் கற்க முடியாதா என்று கேட்டேன். முடியும் என்றார். கூடுதல் தடவை செய்ய வேண்டும், நடுவே நன்றாகத் தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு வட்டம்தான் கண்ணில் வந்தது. இருபது வயதுக்கும் மூன்று நாள், ஐம்பத்து நான்குக்கும் மூன்று நாள். இது என்ன அளவுகோல்?

முனியம்மாவின் வீட்டை விசாரித்துக்கொண்டு பசுந்தாங் போனேன். மூன்றாவது மாடி. வாசலில் பர்மிய ரவிக்கைகள் வரிசையாகத் தொங்கின. கழுத்து வளைவைத் தொட்டுப் பார்த்தேன். ஆலையில் நான் சரி பார்த்து அனுப்பிய ஒரு கழுத்தும் அதற்குப் பக்கத்தில் நிற்காது. எல்லாம் முனியம்மா தைத்தவை. என் குறிப்புக்குப் பிறகு இன்னும் இரண்டு வருடம் பேக்கிங்கில் நின்றிருக்கிறார். அப்புறம் பழைய மிதி மெஷின் ஒன்றை வாங்கித் தானே பழகியிருக்கிறார்.

நடந்ததைச் சொன்னேன். எழுதிக் கொண்டுபோயிருந்த கடிதத்தையும் கொடுத்தேன். 'முன்னேற்றம் இருந்தது. நான் மறைத்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

ஆலையில் கூப்பிட்டது போலவே, பர்மிய வழக்கப்படி ஐயா என்பதற்குச் சயா என்றுதான் கூப்பிட்டார்.

"கோவம் எப்பவோ போயிருச்சு சயா. கால் வலிதான் போகல."

அவர் கடிதத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில் ஒரு கோடு, ஒரு சதுரம், ஒரு வட்டம் போட்டார். ஊசியிலிருந்து நூலை உருவினார்.

"பின்பக்கம் சும்மாதானே இருக்கு. உக்காருங்க. மூணு நாள்."

உட்கார்ந்தேன். மிதித்தால் சக்கரம் பின்னால் ஓடியது. காலைக் கவனித்தால் கை கெட்டது, கையைக் கவனித்தால் கால் நின்றது. மூன்றாம் நாள் என் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதே மாதிரி... நான் பார்ப்பது போலவே.

"எறும்பு தண்ணியடிச்சிட்டு நடந்த மாதிரி இருக்கு. வயசாயிருச்சு, கை திரும்பாதுன்னு எழுதிரட்டுமா சயா?"

எழுதுங்கள் என்றேன்.

காகிதத்தை மடித்து மெஷின் டிராயரில் வைத்தார். "நாளைக்கும் வாங்க."

போனேன். தினமும் போனேன். கரண்ட் இல்லாத நாளிலும் மிதி மெஷின் ஓடுமே! சாயங்காலம் எத்தனை முயன்றும் வராத வளைவு, தூங்கி எழுந்து போனால் காலையில் தானாக வந்தது. டாக்டர் சொன்னது இதைத்தானோ? அப்படியென்றால் முனியம்மாவுக்கும் ஒரு நாலாம் நாள் காலை கிடைத்திருக்க வேண்டும். அதைத்தான் நான் பறித்தேன்.

நாற்பத்தோராம் நாள் வட்டம் மூடியது.

முனியம்மா காகிதத்தை ஜன்னலில் வெகுநேரம் பிடித்திருந்தார். "எனக்கு இருபத்தாறு நாள்ல மூடுச்சு" என்றார். அந்தப் பெருமை அவருக்குச் சொந்தம். அதைச் சொல்ல அவருக்கு ஒரு மேற்பார்வையாளன் தேவைப்படவே இல்லை. பிறகு நூற்கண்டை எடுத்து, நுனியை நாக்கில் நனைத்து, எனக்காக ஊசியில் கோத்தார்.

மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. தலையணை உறைக்குத் துணி கொடுத்தார், தைத்தேன்.

அந்த உறையில் தலை வைத்துத்தான் இப்போது தூங்குகிறேன். எழுபத்தொரு வயதுக் கை தைத்தது, ஐயா! ஒரு ஓரம் லேசாகக் கோணல். தயவுசெய்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காதீர்கள்.